நம்பியவனுக்குப் பூட்டு எதற்கு?

 

சென்ற மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் முற்றத்தில் வியாபாரிகள் சிலர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கடைக் கணக்கையும் பத்திரங்களையும் கணினியில் வைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் ஒருவரும் ஜொகூரில் ஒருவரும் ஊரில் ஒருவருமாக ஒரே ஏட்டைப் பார்த்து வேலை செய்வது பற்றிப் பேச்சு வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். இன்னார் இன்னதைத்தான் பார்க்கலாம் என்ற வரையறை வேண்டும். யார், எப்போது, எதைத் தொட்டார் என்று பதிவு இருக்கவேண்டும் என்று ஓர் இளைஞர் சொன்னார். அங்கிருந்த பெரியவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, நம்பித்தானே கடையை ஒப்படைத்திருக்கிறோம்? நம்பியவனுக்குப் பூட்டு எதற்கு? கூடப் பிறந்தவனைக் கள்ளன் மாதிரி நடத்தினால் வியாபாரத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்.

பெரியவர்மீதுள்ள மரியாதையால் அந்த இளைஞர் வாய் திறக்கவில்லை. எனக்கும் அப்போது பதில் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது, அது கணினியைப் பற்றிய கேள்வியே அன்று என்று தெரிந்தது. நம்பிக்கை என்றால் என்ன, சந்தேகம் என்றால் என்ன, இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. வியாபாரத்தைத் தொழிலாகக் கொண்ட நமது சமுதாயம் இதற்குத் தெளிவான விடை காணவேண்டும்.

முன்னோர் நடத்திய வியாபாரம்

தூரத்தில் இருந்துகொண்டு கூட்டாக வேலை செய்வது நமக்குப் புதிதன்று. பினாங்கில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் தொடங்கிய ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசலும், நம்மவர் எத்தனை காலமாய் இந்நாடுகளில் கடை விரித்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. முதலாளி நாகூரில் இருப்பார். கூட்டாளி பினாங்கில் இருப்பார். மருமகன் சிங்கப்பூர்க் கடையைப் பார்ப்பான். மூவரையும் இணைத்தது கப்பலும் கடிதமுந்தான். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ரஜூலாக் கப்பல் ஓடிய காலத்தில், மாதக் கணக்கு உறையிலிடப்பட்டு, அரக்கு வைத்து ஒட்டப்பட்டு, ஊர்போகும் நம்பிக்கையான மனிதர் கையில் ஒப்படைக்கப்பட்டது. பேரேடு கடையில் இருக்கும். பிரதி ஊருக்குப் போகும். இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி இருந்தால், இரண்டும் யார் யாரிடம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பெரியவர் நினைப்பதுபோல நம் முன்னோர் பூட்டில்லாமல் வியாபாரம் செய்யவில்லை. அவர்களுடைய பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஆகையால் அது யாரையும் புண்படுத்தவில்லை. அரக்கு உடைந்திருந்தால் வழியில் எவரோ கடிதத்தைப் பிரித்திருக்கிறார் என்று தெரியும். பேரேட்டில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தினால் மை காட்டிக்கொடுக்கும். கையெழுத்தைப் பார்த்தே இது இன்னார் எழுதியது என்று சொல்லிவிடலாம். எழுதியவன் யார் என்பது தாளிலேயே இருந்தது.

இன்றைய ஏட்டுக்கு அந்தக் குணம் தானாக வாய்ப்பதில்லை. கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் மை கலங்காது. எல்லோர் எழுத்தும் ஒரே எழுத்துத்தான். பத்திரத்தை ஒருவன் பிரதி எடுத்துக்கொண்டு போனால், மூலம் வைத்த இடத்திலேயே இருக்கும். களவு போனதே தெரியாது. கடவுச்சொல் என்னும் சாவியைப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டால், பத்துச் சாவிகள் ஆகிவிட்டன. எந்தச் சாவி எந்தக் கதவைத் திறந்தது என்று எவராலும் கூறமுடியாது. தாளும் மையும் செய்த வேலையை இன்று நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும்.

ஒரு கடையில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்லுகிறேன். கடையின் பெயர் இங்கே வேண்டா.

அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்திய மளிகை மொத்த வியாபாரம். அண்ணன் சிங்கப்பூரிலும் தம்பி ஜொகூரிலும் இருந்தார்கள். அவர்களுடைய தந்தையார் காலத்திலிருந்து கணக்கு எழுதியவர் ஒருவர் இருந்தார். வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவரைக் 'கணக்கு மாமா' என்றே அழைப்பார்கள். வயதான பின் அவர் நாகூருக்குத் திரும்பி, வீட்டில் இருந்தபடியே கணினியில் கணக்கு எழுதி வந்தார். கடைக்கு ஒரே ஒரு மின்னஞ்சல். அதற்கு ஒரே கடவுச்சொல். அதை அண்ணன் அறிவார், தம்பி அறிவார், மாமா அறிவார், கடைப் பையன்கள் இருவர் அறிவார்கள், வேலையை விட்டுப் போன பையன் ஒருவனும் அறிவான். 'நம் வீட்டு ஆட்கள்தானே' என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரு மாத முடிவில், சரக்கு அனுப்புகிற ஒருவருடைய வங்கிக் கணக்கு எண் ஏட்டில் மாறியிருந்தது. மாறியது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு தவணைப் பணம் அந்நியன் ஒருவன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. சரக்குக்காரர் பாக்கி கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. வங்கிக்கும் போலீஸுக்கும் சொன்னார்கள், பணம் வரவில்லை. "நானா, நாம ரெண்டு பேரும் மாத்தல, பையன்களுக்கு அந்த ஏடு எங்கே இருக்குன்னே தெரியாது. அப்ப வேற யாரு?" என்று தம்பி கேட்டார். அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. கேள்வியே நாகூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமா கோபப்படவில்லை. தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "நான் இல்லைன்னு நான் எப்படித் தம்பி காட்டுவேன்? எனக்கு என்ன சாட்சி இருக்கு?" அதன் பிறகு அவர் கணக்கு எழுதவில்லை. அண்ணன் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். மாமா உபசரித்து அனுப்பினார். வேலைக்கு மட்டும் திரும்பவில்லை. யார் கை அது என்று இன்றுவரை தெரியாது. வெளியார் ஒருவன் எங்கிருந்தோ அந்தக் கடவுச்சொல்லைக் கைப்பற்றியிருக்கலாம்; இத்தகைய மோசடி உலகெங்கும் நடக்கிறது. ஆயினும் அதை நிரூபிக்க அவர்களிடம் ஒரு வரிப் பதிவுகூட இல்லை.

சகோதரர்களே, பூட்டு இல்லாததால் அங்கே நம்பிக்கை வளர்ந்ததா? நாற்பது வருஷ நம்பிக்கை ஒரு மாலைப்பொழுதில் கெட்டது. தனிச் சாவியும் தனிப் பதிவும் இருந்திருந்தால், முதலாவதாகக் காப்பாற்றப்பட்டிருப்பவர் அந்த மாமாதான். பூட்டு திருடனுக்காக மட்டும் போடப்படுவது என்று நாம் நினைக்கிறோம். பழி சுமக்க நேரும் நிரபராதிக்கும் அதுவே துணை என்பதை மறந்துவிடுகிறோம்.

இரண்டு கட்டளைகள்

மார்க்கம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது? பெரியவர் பக்கம் வலுவான ஆதாரம் உண்டு. திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் 12ஆம் வசனம், ஈமான் கொண்டவர்களை நோக்கி, சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுமாறும், துருவித் துருவி ஆராயாதிருக்குமாறும் கட்டளையிடுகிறது. கூட்டாளியைப் பற்றித் தீய எண்ணம் கொள்வதும், அவனை ஒளிந்திருந்து வேவு பார்ப்பதும் பாவங்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் அதே திருக்குர்ஆனில், வசனங்கள் அனைத்திலும் நீளமானது எது? இரண்டாவது அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது! தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளவேண்டும், எழுத்தர் நீதமாக எழுதவேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும், அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்லவேண்டும், சாட்சிகளை வைத்துக்கொள்ளவேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக்கூடாது என்று அது விரிவாக விதிக்கிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கு மட்டும் எழுதாமல் விடச் சலுகை தருகிறது.

இக்கட்டளை யாருக்கு? காஃபிர்களோடு வியாபாரம் செய்வோருக்கு மட்டுமா? கள்ளர்களுக்கா? இல்லை, ஈமான் கொண்டவர்களே என்று விளித்துத்தான் அவ்வசனம் தொடங்குகிறது. ஒருவரையொருவர் நம்பவேண்டிய மக்களுக்கே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. எழுதுவது சந்தேகத்தின் அடையாளமாக இருந்தால், சந்தேகத்தைத் தடுத்த இறைவன் எழுதச் சொல்லியிருப்பானா? ஆகவே எழுத்து வேறு, சந்தேகம் வேறு.

மறுமொழியும் உண்டு. அடுத்த 283ஆம் வசனம், ஒருவர் மற்றவரை நம்பினால், நம்பப்பட்டவர் அமானிதத்தை நிறைவேற்றட்டும் என்று கூறுகிறதே. எழுதுவது கட்டாயமன்று, விரும்பத்தக்கதே என்று சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் கூறியிருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். எழுதாமல் கொடுத்தவர் பாவி ஆகிவிடமாட்டார். ஆயினும் சலுகையைச் சலுகையாகவே வைக்கவேண்டும். அதையே பெருமையாக்கி, எழுதச் சொன்னவரைக் குறை கூறலாகாது. எழுதாமல் விட்டதால் நஷ்டம் வந்தால், அது பெரும்பாலும் முதலாளியைவிட எளியவனையே தாக்கும். கணக்கு மாமாவை நினைத்துப் பாருங்கள்.

அந்த நீண்ட வசனத்தின் கடைசிப் பகுதியில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு கட்டளை இருக்கிறது. எழுத்தருக்கும் சாட்சிக்கும் எந்தத் துன்பமும் விளைவிக்கக்கூடாது என்பது அது. கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் பற்றிப் பேசி முடித்த பின், நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவனையும் இறைவன் மறக்கவில்லை. இன்று நம் கடைகளில் கணினிமுன் அமர்ந்திருக்கும் குமாஸ்தாதான் அந்த எழுத்தர். 'இந்த எண்ணை மாற்றிப் போடு' என்று அவரை நெருக்குவதும் துன்பம். அவர் செய்யாத மாற்றத்துக்கு அவர் பதில் சொல்லவேண்டிய நிலையில் அவரை வைப்பதும் துன்பமே. யார் எந்த வரியை மாற்றினார் என்று காட்டும் பதிவு, எழுத்தருக்கு நாம் செலுத்தவேண்டிய உரிமை என்றே நான் கருதுகிறேன்.

முத்திரையும் வாசற்படியும்

தனிச் சாவி என்பதற்கும் நமது வரலாற்றில் முன்மாதிரி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்று செய்வித்து, அதில் தமது திருநாமத்தைப் பொறிக்கச் செய்தார்கள். அத்துடன், அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். ஸஹாபாப் பெருமக்களைவிட நம்பத்தக்கவர் யார்? இருந்தும் முத்திரை ஒன்றே; அது ஒருவருடையதே. முத்திரை பலர் கையில் இருந்தால், கடிதம் யாருடையது என்பதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும். கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வோர் தம் முத்திரை மோதிரத்தைப் பலருக்கு வார்த்துக் கொடுத்தவர்கள் ஆவர்.

இன்னார் இன்னதைப் பார்க்கலாம் என்ற வரையறையும் அப்படித்தான். 24ஆவது அத்தியாயம் 58ஆம் வசனம், வீட்டிலேயே வேலை செய்யும் பணியாட்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட, வைகறைத் தொழுகைக்கு முன்னும், நண்பகலில் உடை களைந்திருக்கும் நேரத்திலும், இஷாவுக்குப் பின்னும் அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்கிறது. மற்ற நேரங்களில் அவர்கள் தாராளமாக வரலாம். ஆள் ஒருவரே, நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அனுமதி மாறுகிறது. மூன்று நேரம் கதவைச் சாத்தியதால் அந்தப் பிள்ளையை நம்பவில்லை என்று ஆகுமா? சரக்கு இருப்பைப் பார்க்கும் பையனுக்குச் சம்பளப் பட்டியல் திறக்காமல் இருப்பதும் இவ்வகையே. அவன் மனம் சஞ்சலப்படாமல் இருக்கவும் அது உதவும்.

பதிவு வேறு, வேவு வேறு

இதுவரை சொன்னதைக் கேட்டு, சிப்பந்திகளின் ஒவ்வோர் அசைவையும் கவனிக்க வழி கிடைத்தது என்று முதலாளிமார் எவரும் மகிழவேண்டா. இன்று வீட்டிலிருந்து வேலை செய்வோரின் கணினியில் மறைவாகக் கருவிகளை வைத்து, அவர் தட்டும் எழுத்து ஒவ்வொன்றையும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியை வாங்கி அவருடைய சொந்த வாட்ஸ்அப் செய்திகளைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். இதுவே 49ஆவது அத்தியாயம் தடுத்த துருவல்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கும் ஒரு வரலாறு நம்மில் பலர் கேட்டதே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவில் ஒருவர் வீட்டுச் சுவரேறிப் பார்த்து, அவர் பாவம் செய்வதைக் கண்டு கண்டித்தார்கள். அம்மனிதர், நான் செய்தது ஒரு குற்றம். துருவிப் பார்த்ததும், வாசல் வழியே வராததும், ஸலாம் கூறாமல் நுழைந்ததுமாகத் தாங்கள் செய்தவை மூன்று என்ற கருத்தில் பதிலுரைத்தார். உமர் (ரலி) அவர்கள் அவரை விட்டுத் திரும்பிவிட்டார்கள். குற்றம் உண்மையாகவே இருந்தும், அதைக் கண்டுகொண்ட வழி தவறானபோது, நீதியில் இணையற்ற அந்தக் கலீஃபா பின்வாங்கினார்கள்.

எல்லைக்கோடு இதுதான். பதிவு என்பது கடையின் ஏட்டைப் பற்றியது. வேவு என்பது மனிதனைப் பற்றியது. பதிவு இருப்பது எல்லோருக்கும் தெரியும். முதலாளி திருத்தினாலும் அதில் விழும். சிப்பந்தியும் அதைப் பார்க்கலாம். வேவு ஒருவனுக்கு மட்டும் தெரியும். மற்றவன்மேல் மட்டும் பாயும். முதலாளி தம்முடைய கைக்கும் அதே பதிவை ஒப்புக்கொண்டால் அது நீதி. தாம் விலகி நின்று, தம் ஆட்களுக்கு மட்டும் வைத்தால், அன்று பெரியவர் கேட்டது சரியான கேள்வியே ஆகிவிடும்.

பதிவில் தவறு ஒன்று தென்பட்டாலும் உடனே பாய்ந்துவிடலாகாது. ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றிக்கு முன், பத்ரில் கலந்துகொண்ட ஸஹாபியான ஹாத்திப் (ரலி) அவர்கள், முஸ்லிம்களின் திட்டத்தை மக்காவாசிகளுக்குத் தெரிவித்து ஒரு கடிதத்தை இரகசியமாக அனுப்பினார்கள். கடிதம் வழியில் பிடிபட்டது. இரகசியம் வெளியானதில் அதைவிடப் பெரியது எது? ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் அவரை அழைத்து, ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டார்கள். மக்காவில் ஆதரவற்றிருந்த தம் குடும்பத்தை எண்ணிச் செய்ததாக அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்; தண்டிக்கத் துடித்தவரைத் தடுத்தார்கள். ஆதாரம் கையில் இருந்தபோதே விசாரணை இவ்வளவு பொறுமையாக நடந்தது. ஆதாரமே இல்லாமல் நாம் ஒருவரைத் தீர்ப்பிட்டுவிடுகிறோம்.

நம்முடையதல்லாத தாள்கள்

கடைக் கணக்கு நம்முடையது. ஆனால் நம் பெட்டிகளில் இருக்கும் தாள்கள் எல்லாம் நம்முடையவை அல்ல. பணமாற்று வணிகர் கையில் வாடிக்கையாளரின் பாஸ்போர்ட் பிரதி இருக்கிறது. உணவுக்கடைக்காரரிடம் வேலையாட்களின் பெர்மிட்டும் வங்கி விவரமும் இருக்கின்றன. ஜமாஅத்திடம் ஏழைகளின் விண்ணப்பங்கள் இருக்கின்றன. இவை அமானிதம். அவசரத்துக்கு இவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். குழுவில் இருப்பவர் யார் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் ஏழைத் தாய் ஜக்காத் கேட்டு எழுதிய கடிதம் முப்பது பேருடைய கைப்பேசியில் தங்கிவிட்டால், அவளுடைய மானத்துக்கு யார் பொறுப்பு?

இரு நாட்டுச் சட்டங்களும் இதைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. சிங்கப்பூரின் சட்டம் 2012இல் நிறைவேறி, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. தரவு பெரிய அளவில் கசிந்தால் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்ற கடமை சிங்கப்பூரில் 2021 பிப்ரவரியிலும் மலேசியாவில் 2025 ஜூனிலும் வந்தது. கணக்குகளை வருமான வரிக்காக மலேசியாவில் 7 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் வைத்திருக்கவேண்டும். மலேசியாவில் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிப் படிப்படியாக விரிந்திருக்கிறது. ஆக, கணினி எங்களுக்கு வேண்டா என்று ஒதுங்கவும் வழியில்லை. அபராதத்துக்கு அஞ்சுவது ஒருபுறம் இருக்கட்டும். 4ஆவது அத்தியாயம் 58ஆம் வசனம் அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிட்டபோது எந்த அரசாங்கமும் நம்மைக் கேட்கவில்லை.

கூட்டுப் பிரியும்போதும் இதே கடமை உண்டு. உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆன் பிரதிகளை எழுதுவிப்பதற்காக, ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமிருந்த ஏடுகளைக் கேட்டு வாங்கினார்கள். வாங்கியவர் கலீஃபா, அதிகாரம் அனைத்தும் அவர்கள் கையில். ஆயினும் வேலை முடிந்ததும் அவ்வேடுகளை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள். பங்கு பிரிந்து போகிறவர், தம் கைப்பேசியிலும் கணினியிலும் உள்ள கடையின் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பிரதிகளை அழித்துவிட்டுப் போவது இந்த ஒழுக்கத்தைச் சேர்ந்தது. அவர் போன அன்றே அவருடைய சாவியை நிறுத்துவது முதலாளியின் பொறுப்பு. அதை அவமதிப்பாக எவரும் எடுத்துக்கொள்ளவேண்டா.

செய்யவேண்டியவை

பெரிய செலவில்லாமல் எந்தச் சிறு கடையும் செய்யக்கூடியவை சில உண்டு. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு கடவுச்சொல். அதற்குமேல் கைப்பேசியில் வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டு. பார்க்க மட்டும் ஒருவருக்கு, திருத்த ஒருவருக்கு என்று அனுமதியைப் பிரித்து வைத்தல். பிரதிகள் பலவற்றை மின்னஞ்சலில் அங்குமிங்கும் அனுப்பாமல், எல்லோரும் ஒரே மூல ஏட்டில் எழுதுதல். பழைய வடிவங்கள் அழியாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுதல். முக்கியமான பத்திரங்களுக்கு மூன்று பிரதி. அவற்றில் ஒன்று வேறிடத்தில். வங்கிக் கணக்கு எண் மாறியது என்று எந்தக் கடிதம் வந்தாலும், நமக்கு முன்பே தெரிந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, அவர் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புதல். பெருந்தொகைக்கு இருவர் ஒப்புதல்.

கடைசியாக ஒன்று. வஸிய்யத் செய்யவேண்டிய பொருள் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. நம் கடன் விவரம், வரவேண்டிய பாக்கி, பிறர் நம்மிடம் வைத்த அமானிதம் எல்லாம் இன்று கணினிக்குள் இருக்கின்றன. அதன் சாவி நம் தலைக்குள் மட்டும் இருந்தால், நாம் மௌத்தான அன்று அந்த உரிமைகளும் நம்முடன் கபுருக்கு வந்துவிடும். கடனை யார் அடைப்பார்? ஆகவே சாவியை உறையிலிட்டு ஒட்டி, இன்னார் கையில் இருக்கிறது என்று குடும்பத்துக்கும் கூட்டாளிக்கும் தெரிவித்து வைக்கவேண்டும். நம் பாட்டனார் அரக்கு முத்திரையிட்டுச் செய்த அதே வேலை.

அன்று பள்ளிவாசல் முற்றத்தில் சொல்லத் தெரியாத பதிலை இப்போது அந்தப் பெரியவருக்குப் பணிவுடன் சொல்லிக்கொள்ளுகிறேன். நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், மக்கா மக்கள் தம்மிடம் வைத்திருந்த பொருள்களை அவரவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். உயிரைப் பறிக்கக் காத்திருந்த ஊரின் பொருள்களும் உரியவரைச் சேர்ந்தன. எது யாருடையது என்று தெளிவாக இருந்ததால்தான் அந்த அமானிதம் பிசகாமல் நிறைவேறியது. நமது கூட்டாளியை நாம் நம்புகிறோம் என்பது உண்மையானால், அவன்மேல் என்றைக்காவது பழி வந்தால் அவன் தன்னைக் காத்துக்கொள்ளும் சாட்சியையும் அவன் கையில் கொடுத்து வைப்போம். நம்பியவனுக்குத்தான், ஐயா, அந்தப் பூட்டு.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் உள்ளங்களில் நல்லெண்ணத்தையும், நம் கைகளில் அமானிதத்தைக் காக்கும் வலிமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.